வெண்டர் பாதுகாப்பு என்பது கேள்விப் பட்டியல் மட்டுமல்ல

2024 ஜூலை 31 அன்று நாடு முழுவதும் சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களால் யுபிஐயில் பணம் அனுப்ப முடியாமல் போனது. அந்த வங்கிகளுக்கெல்லாம் மென்பொருள் சேவை தரும் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தில், கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்திருந்தது, அது பரவாமலிருக்க யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அந்த நிறுவனத்தின் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. கிராமத்துக் கூட்டுறவு வங்கியில் கணக்கு வைத்திருப்பவருக்கு சி-எட்ஜ் என்ற பெயரே தெரிந்திருக்காது. ஆனால் அன்றைக்கு அவருடைய பணம் நகரவில்லை.

நான் ஒரு நிதி நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் இருக்கிறேன், வெண்டர்களை, அதாவது எங்களுக்கு வெளியிலிருந்து வேலை செய்து தரும் நிறுவனங்களைப் பார்ப்பதுதான் என் வேலை. இந்தத் துறையில் வழக்கமாக நடப்பது இதுதான்: நீளமான ஒரு எக்ஸெல் கேள்விப் பட்டியலை அனுப்புவோம், பேக்கப் எடுக்கிறீர்களா, வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை மூடுகிறீர்களா என்று நூறு கேள்வி இருக்கும், எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று பதில் வரும், ஃபைலில் வைத்துவிடுவோம். அதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இப்போது நேரில் போய் உட்கார்ந்து, கடைசியாக பேக்கப்பிலிருந்து எதை, எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

அப்படிப் போன ஓர் இடம், எங்கள் கடன்தாரர்களுக்குத் தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ் அனுப்பும் சின்ன நிறுவனம். தினமும் பெயர், போன் நம்பர், பாக்கித் தொகை அடங்கிய ஃபைல் அவர்களுக்குப் போகிறது. அந்த ஃபைலை அவர்கள் இன்னொரு கம்பெனிக்கு அனுப்பி, அங்கிருந்துதான் எஸ்எம்எஸ் போய்க்கொண்டிருந்தது, எங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் கம்பெனியின் பெயரே இல்லை. எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவருடைய லாகினும் உயிரோடு இருந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடம், ஒவ்வொரு வருடமும் எங்கள் பர்ச்சேஸ் பிரிவு ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இத்தனை பைசா என்று அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுகிறது, அப்புறம் நாங்களே போய் தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் எங்கே என்று கேட்கிறோம். பாதுகாப்புக்கான செலவை விலையில் சேர்க்க விடாமல் அதைப் பாதுகாப்பாக நடத்து என்பது நியாயமே இல்லை.

2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோனபோது, திருடர்கள் முதலில் கைப்பற்றியது குளிர்சாதன வேலை பார்க்கும் ஒரு ஒப்பந்ததாரரின் பாஸ்வேர்டைத்தான். எவ்வளவு சின்ன வேலை என்று பார்த்து வெண்டர்களைத் தரம் பிரிப்பது தப்பு, அவர்கள் கையில் எந்தக் கதவின் சாவி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஐடி வேலைகளை வெளியே கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023-இல் கொண்டுவந்த விதிகளின்படி, வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு நம்முடையதுதான். சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்பது 2022-இல் வந்த உத்தரவு. ஆனால் நான் பார்த்த பல ஒப்பந்தங்களில் வெண்டர் நமக்குத் தகவல் சொல்லவே 48 மணி நேரம், 72 மணி நேரம் என்று எழுதியிருக்கும். அத்தனை நேரமும் வாடிக்கையாளரின் தகவல் யார் கையிலோ இருக்கும், நமக்கு ஒன்றுமே தெரியாது. இந்த ஒரு வரியை மாற்றத்தான் சட்டப் பிரிவோடு அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

பெரிய வெண்டர்களிடம் இதெல்லாம் செல்லாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அளவு நிறுவனத்தை நாங்கள் போய் ஆடிட் செய்ய முடியாது. அதனால் சிஸ்டம் இல்லாமல் ஒரு கிளை ஒரு நாள் ஓடுமா என்று ஒத்திகை பார்த்தோம். பணம் கட்ட வந்தவருக்குக் கொடுக்க ரசீது புத்தகம் இல்லை, அச்சடிப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டதாம். இப்போது அச்சடித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியிருக்கிறோம், அடுத்த ஒத்திகையைத் தவணை கட்டக் கூட்டம் வரும் மாத முதல் வாரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கிளை மேலாளர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.