மிதக்கும் கூரையை நம்பி 4,000 லிட்டரைக் கோட்டைவிட்ட கதை

சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் 30 மீட்டர் விட்டமுள்ள பெட்ரோல் டேங்க். அதற்கு நுரையால் தீயணைக்கும் அமைப்பு போட வேண்டும். மேலே கூம்புக் கூரை, உள்ளே மிதக்கும் கூரை. மிதப்பு இருப்பதால் கூரைக்கும் டேங்க் சுவருக்கும் நடுவே உள்ள சீல் ஓரத்தை மட்டும் காத்தால் போதும் என்று முதல் கணக்கு போடப்பட்டது. 0.6 மீட்டர் அகல வளையம், சுமார் 55 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நிமிடம் 12.2 லிட்டர் நுரைக் கரைசல், 20 நிமிடம். அதில் 3 சதவீதம் கலக்கும் கான்சென்ட்ரேட் (நுரை மூலத் திரவம்) வெறும் 405 லிட்டர். அதை உள்பையில் வைக்கும் சின்ன பிளாடர் டேங்க், ஒல்லியான குழாய், செலவும் குறைவு. எல்லோருக்கும் ஒரே குஷி.

வரைபடத்தைச் சரிபார்த்த பொறியாளர் ஒன்றுதான் கேட்டார்: மிதக்கும் கூரை எதனால் செய்தது? விவரத்தாளில் 'மிதக்கும் கூரை' என்பதோடு சரி. பழைய படத்தைத் தேடி எடுத்தால், குழல் மிதவைகள் மேல் மெல்லிய அலுமினியத் தகடு! நுரைத் தீயணைப்புக்கான அமெரிக்கத் தரநிலை என்எஃப்பிஏ 11 சீல் கணக்கை அனுமதிப்பது எஃகு இரட்டைத் தளம், எஃகு பான்டூன் (மிதவை அறை) போன்ற உறுதியான கூரைகளுக்குத்தான். மெல்லிய தகடு தீயில் தாங்காது. அது போனால் முழுப் பரப்பும் எரியும்.

திரும்பப் போட்ட கணக்கு: 707 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு நிமிடம் 4.1 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,900 லிட்டர். பெட்ரோலின் தீப்பற்று நிலை 37.8 டிகிரிக்குக் கீழ் என்பதால் 55 நிமிடம். கான்சென்ட்ரேட் 4,780 லிட்டர். அதோடு இரண்டு கைக்குழாய், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 189 லிட்டர், 30 நிமிடம். அதற்குக் கான்சென்ட்ரேட் இன்னொரு 340. குழாயை நிரப்பும் அளவு தனி. இந்த விட்டத்துக்கு, டேங்குக்குள் நுரையை ஊற்றும் ஃபோம் சேம்பரும் குறைந்தது இரண்டு வேண்டும். பிளாடர் டேங்குக்குப் போட்டிருந்த அடித்தளத்தை உடைத்ததுதான் மிச்சம். விவரத்தாளை நம்பாதீர்கள், கூரையின் தயாரிப்புப் படத்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்.

வரைபடச் சமர்ப்பிப்பு அதன்பின் சிக்கலில்லாமல் போனது. சோதனைதான் இடித்தது. சேம்பர் ஓட்டத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் (கரைசலின் செறிவை அளக்கும் கருவி) சரியாகக் காட்டியது; கைக்குழாய் மட்டும் திறந்தபோது 2.2 சதவீதம். 3 சதவீதத்துக்கு ஏற்கத்தக்கது 3.0 முதல் 3.9 வரை. காரணம் எளிது: நிமிடத்துக்கு 3,000 லிட்டருக்கு எடுத்த புரொபோர்ஷனர் (கான்சென்ட்ரேட்டை நீரில் கலக்கும் கருவி) கைக்குழாய்களின் 378 லிட்டரில் போதிய அழுத்த வேறுபாட்டை உண்டாக்காது, கான்சென்ட்ரேட்டை இழுக்காது. புளோரின் இல்லாத நுரை பல கெட்டியானவை என்பதால் இன்னும் மோசம். வாங்குமுன் குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு, அதே கான்சென்ட்ரேட்டோடு சோதித்துச் சான்று பெற்றதா என்று பாருங்கள். அகன்ற வீச்சு கொண்டதை மாற்றிப் போட்ட பிறகுதான் 3.3 வந்தது.

அதற்கு நடுவே ஒரு நாள் சும்மா போனது. அளவெடுக்க வந்தவரிடம் தீவுக்கான பாஸ் இல்லை. சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சோதனைக் கரைசலை மழைநீர்க் கால்வாயில் விடவே கூடாது. கைக்குழாய்ச் சோதனை மூன்று நிமிடத்துக்கே 1,100 லிட்டருக்கு மேல், அதாவது ஆயிரம் லிட்டர் பிடிக்கும் ஒரு ஐபிசி தொட்டி வழிந்துவிடும். இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், கழிவை எடுக்க உரிமம் உள்ளவரை முன்பே பேசி வையுங்கள்.

சேம்பரைத் திறக்கும்போது ஆவி தடுக்கும் கண்ணாடியையும் காற்று வலையையும் பாருங்கள். ஒன்றில் மைனா கூடு கட்டியிருந்தது.