ஈறில் இரத்தம் வந்ததும் நான் கிரீன் டீயைத்தான் நம்பினேன்

பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக வந்தது. வலி இல்லை. அதனால் டாக்டரிடம் போகாமல், ஈறுக்கு எது நல்லது என்று தேடிப் படித்தேன். கிரீன் டீயின் கேட்டச்சின், மஞ்சளின் குர்குமின், பழங்களின் வைட்டமின் சி எல்லாமே ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது உடல் திசு சேதமாவதைத் தணிக்கும் பொருட்கள். நான்கு மாதம் தினமும் இரண்டு கோப்பை கிரீன் டீ குடித்தேன். இரத்தம் நிற்கவில்லை.

பல் டாக்டர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லாக எண் சொல்லிக்கொண்டே போனார். அந்த இடைவெளியின் ஆழம் 3 மி.மீ. வரை இருந்தால் பயமில்லை. எனக்குக் கடைவாயில் 5, ஓரிடத்தில் 6. எக்ஸ்ரேயில் எலும்பும் கொஞ்சம் கரைந்திருந்தது. போன எலும்பு தானாக வளராது என்றார். அந்த நான்கு மாதத்தை நினைத்து மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

கிரீன் டீயைப் பற்றிக் கேட்டேன். பொறுமையாகவே சொன்னார். பல்லில் படியும் கிருமிப் படலத்தோடு சண்டையிட வெள்ளை அணுக்கள் ஈறில் குவிகின்றன. கிருமியைக் கொல்ல அவை வெளியிடும் வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் அளவு மீறினால் நம் திசுவையும் அரிக்கும். அந்தச் சேதத்தைத் தணிப்பதில்தான் ஆன்டிஆக்ஸிடன்டுக்குப் பங்கு. வைட்டமின் சி இல்லாமல் ஈறைத் தாங்கும் கொலாஜனும் சரியாக உருவாகாது. ஸ்கர்வி நோயில் ஈறு வீங்கி இரத்தம் கசிவது அதனால்தான். ஆனால் படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எதைக் குடித்தாலும் அது போகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஸ்கேலிங் (காரையைச் சுரண்டி எடுப்பது), ரூட் பிளேனிங் (ஈறுக்கு அடியில் பல்வேரைச் சுரண்டி வழவழப்பாக்குவது) இரண்டும் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு நாளாகப் பிரித்துச் செய்தார்கள். சில நாள் பல் கூசியது, அவ்வளவுதான். கஷ்டமாக இருந்தது அதற்கப்புறம் வந்த பல்லிடுக்கு பிரஷ். முதல் வாரம் ராத்திரிதோறும் இரத்தம். விட்டுவிடலாமா என்று தோன்றும். இரத்தம் வருகிற இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது, அங்கேதான் விடாமல் தேய்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வாரக் கடைசியில் நுரை வெள்ளையாக வந்தது.

8 வாரம் கழித்து மறுபடி அளந்தார். 5 இருந்த இடங்கள் 3 ஆகியிருந்தன, 6 இருந்த இடம் 4.

கிரீன் டீயை விடவில்லை, சர்க்கரை மட்டும் சேர்ப்பதில்லை. பழமும் தினமும் உண்டு. புளிப்புப் பழம் சாப்பிட்டால் அரை மணி நேரம் பல் துலக்க மாட்டேன், அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். குர்குமின் மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அந்த 4-ஐ அளந்து பார்த்துக்கொள்கிறேன்.