புல்கோகி தொப்பாப்: சோறு வேகும் நேரத்தில் கறி தயார்

சுடுசோற்றின் மேல், சோயா சாஸிலும் பூண்டிலும் புரட்டிய மாட்டுக்கறியைக் கொஞ்சம் சாறோடு போட்டு, பக்கத்தில் ஒரு முட்டையையும் வெள்ளரிக்காயையும் வைத்தால் புல்கோகி தொப்பாப். கொரியாவில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் மதியம் சாதாரணமாகக் கிடைக்கும் சாப்பாடு இது. ஊறவைத்த அரிசி கையில் இருந்தால் வீட்டில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இதில் தப்பு நடக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர் சம்பந்தப்பட்டவை. சோறு குழைந்துபோகும், கறி வறுபடாமல் தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும், கடைசியில் சாறு வற்றி சோறு தொண்டையை அடைக்கும். சாஸ் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம், இதைச் சமாளிக்க முடியாது.

புல்கோகி என்றால் சாஸில் புரட்டிச் சமைக்கும் மாட்டுக்கறி, அதிலேயே பல பாணிகள் உண்டு. உல்சான் பக்கத்து ஒன்யாங்கிலும், தெற்கே குவாங்யாங்கிலும் கரியடுப்பில் வாட்டி எடுப்பார்கள், சாறு இருக்காது. சியோல் பாணியில் நடுவே மேடும் ஓரத்தில் பள்ளமுமான தட்டு. கறி மேட்டில் வேகும், வடியும் சாறு பள்ளத்தில் சேரும், அதில் சர்க்கரைவள்ளி மாவு நூடுல்ஸைப் போட்டுச் சாப்பிடுவார்கள். சோற்றுக் கிண்ணத்துக்கு வேண்டியது இந்தச் சியோல் பாணிதான். கரியில் வாட்டியதுபோல உலர்ந்த கறியை வெறும் சோற்றின் மேல் போட்டால் எடுபடாது.

முதலில் அரிசி. கொரியர்கள் சமைப்பது குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள ஜப்பானிக்கா வகை. இரண்டு பேருக்கு, ரைஸ் குக்கரோடு வரும் 180 மி.லி. கப்பில் ஒன்றரை கப். மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, 30 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்துவிட்டு, அதே கப்பில் ஒன்றரை கப் தண்ணீர். ஊறாத அரிசிக்குச் சொன்ன அளவை ஊறிய அரிசிக்கு ஊற்றினால் சோறு குழையும். ஊறும்போதே அரிசி கணிசமான தண்ணீரைக் குடித்துவிடுகிறது. குக்கர் இல்லையென்றால் கனமான பாத்திரத்தில் கொதி வரும்வரை பெரிய தீ, பிறகு மூடி 12 நிமிடம் சிம், அடுப்பை அணைத்து 10 நிமிடம் திறக்காமல் விடுங்கள். திறந்ததும் அடியிலிருந்து கிளறி ஆவியை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆவி தண்ணீராகி அடிச்சோற்றைச் சொதசொதப்பாக்கும்.

ஜப்பானிக்கா கிடைக்காதவர்களுக்கு: பொன்னி, சீரகச் சம்பா, பாஸ்மதி எதுவும் சரிப்படாது. உதிர்ந்து போகிற சோற்றில் சாறு நேராக அடிக்கு இறங்கிவிடும், மேலே வறண்டும் கீழே கஞ்சியாகவும் இருக்கும். புதுப் பச்சரிசி, அதாவது பொங்கலுக்கு வாங்கும் அரிசி, ஓரளவு ஒட்டும். அதுதான் பக்கத்தில் வரும் மாற்று. சென்னையில் இருப்பவர்களுக்குச் சிரமமில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கொரியக் குடும்பங்கள் வந்து குடியேற, கொரிய மளிகைக் கடைகளும் வந்துவிட்டன. அரிசி, சாஸ், வறுத்த எள் எண்ணெய் மூன்றும் அங்கே கிடைக்கும்.

இப்போது கறி. கொரிய சூப்பர் மார்க்கெட்டில் புல்கோகிக்கென்றே 2 மி.மீ. கனத்தில் சீவிய கறி பாக்கெட்டில் கிடைக்கும். அது கிடைக்காத ஊர்களில் கொத்துக்கறிதான் சுலபம். அமெரிக்க வீடுகளிலும் இந்தக் கிண்ணத்தைக் கொத்துக்கறியில் செய்வதுண்டு. கொத்துக்கறியில் நார் ஏற்கெனவே அறுபட்டுவிட்டதால் ஊறவைக்கும் வேலை கிடையாது. பேரிக்காய் அரைத்துச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகளைக் கொத்துக்கறி விஷயத்தில் தாராளமாக விட்டுவிடலாம். மெதுவாக்க அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்தான் கூடும்.

கொழுப்பு 15 முதல் 20 சதவீதம் இருந்தால் நல்லது. நம் ஊர்க் கறிக்கடையில் இப்படி எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். எலும்பில்லாத தொடைக்கறியைக் கேட்டு, கொஞ்சம் கொழுப்பையும் சேர்த்து மெஷினில் இரண்டு முறை விடச் சொல்லுங்கள். கொழுப்பே இல்லாத கொத்துக்கறி வெந்ததும் மணல் மாதிரி உதிரும்.

இரண்டு பேருக்கு 250 கிராம் கறி. சாஸுக்கு சோயா சாஸ் இரண்டரை மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒன்றேகால் மேசைக்கரண்டி, மிரிம் என்கிற சமையல் அரிசி ஒயின் ஒரு மேசைக்கரண்டி (இல்லையென்றால் தண்ணீர்), துருவிய இஞ்சி அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி. பூண்டு நான்கு பல், பொடியாக நறுக்கித் தனியாக. நூறு கிராம் கறிக்கு ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், அதில் பாதி சர்க்கரை என்று நினைவில் வைத்துக்கொண்டால் எத்தனை பேருக்கும் கணக்குப் போடலாம்.

கொரியக் குறிப்புகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் இரண்டு விஷயத்தில் உஷாராக இருக்க வேண்டும். அங்கே கறிக்கு ஒரு 'கூன்' (geun என்ற எடை அளவு) என்றால் 600 கிராம். அடுத்தது கரண்டி. டிவியில் பிரபலமான பேக் ஜோங்-வோன் போன்றவர்கள் சொல்லும் 'ஒரு கரண்டி' வீட்டில் சோறு சாப்பிடும் கரண்டி. நம் 15 மி.லி. அளவுக் கரண்டியைவிட அது குறைவாகத்தான் பிடிக்கும். ஆறு கரண்டி சாஸ் என்ற இடத்தில் ஆறு மேசைக்கரண்டி ஊற்றினால் கரிக்கும்.

சாஸ் பாட்டிலிலும் வித்தியாசம் உண்டு. கான்ஜாங் என்பது கொரிய சோயா சாஸ், அதில் ஜின்-கான்ஜாங், யாங்ஜோ-கான்ஜாங் இரண்டும் இதற்கு ஏற்றவை. குக்-கான்ஜாங் என்பது சூப்புக்கானது. நிறம் வெளுப்பு, உப்பு அதிகம். அதே அளவு ஊற்றினால் கிண்ணமே வீண். சைனீஸ் ஃப்ரைடு ரைஸுக்கு வாங்கிய கறுப்பு டார்க் சோயா சாஸும் வேண்டாம், நிறம்தான் ஏறும். ஜப்பானிய கிக்கோமான் இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம்.

நல்லெண்ணெயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொரிய எள் எண்ணெய், எள்ளை நன்றாக வறுத்து ஆட்டியது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது. இரண்டும் எள்தான், வாசனை வேறு. நல்லெண்ணெயை ஊற்றினால் கிண்ணத்தில் இட்லிப்பொடி வாசனைதான் வரும். வறுத்த எண்ணெய் இல்லாத பட்சத்தில், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளைப் பொன்னிறத்துக்குச் சற்று மேலே வறுத்து இடித்துத் தூவுங்கள். அது எவ்வளவோ மேல்.

அடுப்பு வேலை மொத்தம் பத்து நிமிடம். 26 செ.மீ. அகலத்துக்குக் குறையாத இரும்பு வாணலி அல்லது தட்டையான கல். கறியை டிஷ்யூ பேப்பரால் அழுத்தி ஈரத்தை எடுத்துவிடுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்து, தெளித்த நீர்த்துளி உருண்டு ஓடும்போது கடலை எண்ணெய் இரண்டு தேக்கரண்டி விட்டு, கறியை 1 செ.மீ. கனத்தில் அடைபோலப் பரப்பி அழுத்துங்கள். பிறகு மூன்று நிமிடம் தொடக் கூடாது. கிளறக் கை பரபரக்கும், கிளறினால் கெட்டது. கிளறக் கிளற புதுப்புதுப் பக்கம் சூட்டில் பட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும், கல்லின் சூடு முழுக்க அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதிலேயே போய்விடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்க அதைவிட நிறையச் சூடு வேண்டும்.

காதைக் கொடுத்துக் கேட்டால் தெரியும். தண்ணீர் இருக்கும்போது களகளவென்று சத்தம் வரும். அது வற்றிக் கொழுப்பில் வறுபட ஆரம்பித்ததும் சத்தம் மெலிந்து சடசடவென்று மாறும், ஓரங்கள் காபிப் பொடி நிறத்துக்கு வரும். அப்போது துண்டு துண்டாகத் திருப்பிப்போட்டு, இன்னும் ஒன்றரை நிமிடம் விட்டு, பட்டாணி அளவுக்கு உடைத்துவிடுங்கள். பொடிப்பொடியாக உடைத்தால் சிவந்த பொறுபொறுப்பு காணாமல் போகும். 400 கிராமுக்கு மேல் என்றால் இரண்டு தடவையாக வறுங்கள். அப்படியும் தண்ணீர் விட்டுவிட்டால் பதறி சாஸை ஊற்றாதீர்கள். தீயைக் கூட்டி முழுக்க வற்றவிட்டு, சத்தம் மாறிய பிறகு மேலே போகலாம்.

மெல்லிசாக நீளவாக்கில் நறுக்கிய அரை வெங்காயத்தைப் போட்டு ஒன்றரை நிமிடம், பூண்டைப் போட்டு அரை நிமிடம், பிறகு சாஸ். சர்க்கரை இருப்பதால் சாஸை முதலிலேயே ஊற்றினால் கறி சிவக்கும் முன் சாஸ் கருகிக் கசக்கும். ஒரு நிமிடம் புரட்டினால் கறி பளபளவென்று ஆகும். பல குறிப்புகள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன. நிறுத்தாமல் 80 மி.லி. சுடுதண்ணீர் ஊற்றி, வாணலியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். வாணலியைச் சாய்த்தால் நான்கைந்து மேசைக்கரண்டி சாறு மெதுவாக வழிந்து வர வேண்டும். அவ்வளவு சாறு இருந்தால்தான் இரண்டு கிண்ணச் சோற்றுக்குக் காணும். கெட்டியாக வேண்டுமானால் அரைத் தேக்கரண்டி சோள மாவைத் தண்ணீரில் கரைத்துச் சேர்க்கலாம். கறியை நன்றாக வறுத்திருந்தால் அது அவசியப்படாது. அடுப்பை அணைத்த பிறகே வறுத்த எள் எண்ணெய் இரண்டு தேக்கரண்டியும் வெங்காயத்தாளும். கொதிக்கும்போது ஊற்றினால் வாசனை சமையலறையோடு போய்விடும்.

காரம் வேண்டுமா? புல்கோகி அடிப்படையில் காரமில்லாதது. கோச்சுஜாங் என்கிற கொரிய மிளகாய் விழுது ஒரு தேக்கரண்டி கரைத்தால் கெட்டுப்போகாது, ஆனால் சோயா சாஸை அரை மேசைக்கரண்டி குறைக்க வேண்டும், அந்த விழுதிலேயே உப்பு இருக்கிறது.

சீவிய கறியில் செய்பவர்களுக்குச் சில மாற்றங்கள். முழுக் கறியை ஃப்ரீஸரில் ஒன்றரை மணி நேரம் வைத்து இறுகியதும், நாருக்குக் குறுக்கே சீவுங்கள். நார் ஓடும் திசையிலேயே சீவினால் ரப்பர்தான். அன்று அறுத்த கறி விறைப்பாக இருக்கும், முடிந்தால் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகு சீவலாம். இங்கே பேரிக்காய் உதவும். துருவியது மூன்று மேசைக்கரண்டி, சாஸோடு சேர்த்து அரை மணி நேரம். கிவி, அன்னாசி, பப்பாளிக்காய் எல்லாம் இதைவிடப் பல மடங்கு வீரியமானவை. ஒரு தேக்கரண்டியும் பதினைந்து நிமிடமும் தாண்டினால் கறி மேற்புறம் மாவாகிவிடும். டின்னில் வரும் அன்னாசியில் அந்த வேலை நடக்காது, சூடுபடுத்தும்போதே என்சைம் செத்துவிடும். ஊறிய கறியை வாணலியில் போடும் முன் சாஸை வடித்துத் தனியே வையுங்கள். கறி சிவந்ததும் அதே சாஸை ஊற்றிக் கொதிக்க வைக்கலாம். பச்சைக் கறி ஊறிய சாஸ் என்பதால் ஒரு நிமிடமாவது நன்றாகக் கொதித்தாக வேண்டும்.

மேலே வைப்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி அரைத் தேக்கரண்டி உப்பில் பத்து நிமிடம் விட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். பிழியாமல் வைத்தால் கிண்ணத்துக்குள் நீர்விட்டு சாற்றைச் சப்பென்று ஆக்கிவிடும். கீரையென்றால் 30 விநாடி வெந்நீரில் போட்டு எடுத்து அதையும் பிழிய வேண்டும். மஞ்சள் கரு உடையாத ஆஃப்பாயில் ஒன்று. கிம் என்கிற வறுத்த கடற்பாசித் தாளைக் கிள்ளிப்போடுவது கடைசி நொடியில், ஆவி பட்டால் ஒரு நிமிடத்தில் துவண்டுவிடும். கிம்ச்சி தனிக் கிண்ணத்தில் இருக்கட்டும்.

மிஞ்சினால் கறியையும் சோற்றையும் தனித்தனியாக எடுத்துவையுங்கள். கறி ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சோற்றை வெளியே வெகுநேரம் வைப்பது ஆபத்து, ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துக் கல்லாகும். சூடாக இருக்கும்போதே ஒரு ஆள் அளவுக்குத் தட்டையாகப் பொதிந்து, ஆவி அடங்கியதும் ஃப்ரீஸரில் வைப்பதுதான் சரி. எடுக்கும்போது உருகவிடாமல், ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, மைக்ரோவேவில் இரண்டரை நிமிடம். கறிக்கும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுத்தான் சூடு பண்ண வேண்டும்.