பக்கத்தில் ஓடும் டேங்கர்

ஐ.என்.எஸ். தீபக், ஐ.என்.எஸ். சக்தி இரண்டும் இத்தாலியில் கட்டப்பட்டு 2011-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த டேங்கர்கள்; கடலில் ஓடிக்கொண்டே மற்றக் கப்பல்களுக்கு எரிபொருள் கொடுப்பவை. 175 மீட்டர் நீளம், முழுச் சுமையில் 27,500 டன், மணிக்கு 1,500 டன் எரிபொருள் கொடுக்கும் திறன். அந்த 1,500-ஐத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் எவ்வளவு வேகமாகக் கொடுக்கலாம் என்பதை முடிவு செய்வது வாங்கும் கப்பலின் தொட்டிகளும் அவற்றின் காற்றுக் குழாய்களும்தான்.

எரிபொருள் கொடுக்கும்போது டேங்கரின் முதல் கடமை, சொன்ன திசையையும் வேகத்தையும் மாறாமல் பிடித்திருப்பது. வாங்கும் கப்பல் பின்னாலிருந்து வந்து 30 முதல் 50 மீட்டர் தள்ளி இணையாக ஓடும். 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வேகத்தில் ஒரு டிகிரி திசை பிசகினாலே நிமிடத்துக்கு ஆறரை மீட்டர் நெருங்கிவிடும். அதனால்தான் சுக்கானுக்கு அரை டிகிரிக் கணக்கில் கட்டளை போகிறது. கூடவே இரண்டு கப்பல்களுக்கும் நடுவே ஓடும் தண்ணீரின் வேலை வேறு: முகப்பில் தள்ளும், நடுப்பகுதியில் உறிஞ்சும். விலகும்போது சுக்கானைச் சட்டென்று ஒடித்தால் பின்பகுதி டேங்கர் பக்கம் வீசும். கொஞ்சம் வேகம் கூட்டி முன்னேறி, சிறுகச் சிறுகத்தான் பிரிய வேண்டும்.

முதலில் துப்பாக்கியால் மெல்லிய கயிறு சுடுவார்கள். அதைப் பிடித்துத் தடித்த கயிறு, அதன் பின்னால் ஹோஸைத் தாங்கும் ஸ்பான் வயர் என்ற இரும்புக் கயிறு. வயரை மறுகப்பலில் பெலிகன் ஹூக்கில் (தட்டினால் திறந்துகொள்ளும் கொக்கி) மாட்டியதும், அதில் தொங்கியபடி ஹோஸ் போய்ச் சேரும். ஹோஸ் முனையிலுள்ள ப்ரோப் என்ற குழல், வாங்கும் கப்பலிலுள்ள மணி வடிவ வாய்க்குள் நுழைந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டியதாகக் குறிகாட்டி எழுந்தாலும், ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் பம்பை ஓட்டக் கூடாது. பாதி பூட்டிய ப்ரோப் அழுத்தம் ஏறியதும் கழன்று, டெக் முழுவதும் டீசலாகிவிடும்.

தொடக்கத்தில் பம்ப் மெதுவாகத்தான் ஓடும். கசிவு பார்த்து, மாதிரி எடுத்து, அதன் பிறகே வேகம் கூட்டுவார்கள். கப்பலிலுள்ள ஹெலிகாப்டருக்கான எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தால் மன்னிப்பே கிடையாது. தொட்டி நிரம்பும் தறுவாயில் மறுபடி குறைக்க வேண்டும். இல்லையென்றால் காற்றுக் குழாய் வழியாக எண்ணெய் பொங்கும்.

ஆபத்தென்றால் ஆறு குறுகிய ஊதல். அப்போதும் வரிசை மாறக் கூடாது. பம்பை நிறுத்தி, ப்ரோப்பைக் கழற்றி, வயர் தளர்ந்த பிறகே ஹூக்கைத் தட்டிவிட வேண்டும். முறுக்கேறிய வயரை விட்டால் அது வீசியடிக்கும் வேகத்துக்கு முன் தலைக்கவசம் எம்மாத்திரம்!

இதே வேலைக்காக 44,000 டன்னில் ஐந்து புதிய கப்பல்கள் கட்ட 2023-இல் விசாகப்பட்டினத்தின் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு ஒப்பந்தம் செய்திருக்கிறது. சில கப்பல்களின் வேலை சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளியில் நடக்கிறது. அவ்வளவு பெரிய உடல் பக்கத்தில் ஓடினால் நீரின் இழுப்பும் கூடும். தீபக்கின் பக்கத்தில் பழகிய இடைவெளியை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.