ரெண்டு பேரா போறது

ஓக்கி புயல் அடிச்ச நேரம் நான் ஒரு சமூக சேவை அமைப்புல களப்பணியாளரா இருந்தேன். நீரோடில இருந்து தூத்தூர் வரைக்கும் உள்ள கடற்கரை ஊர்கள்ல வீடு வீடா போயி, காணாம போனவங்க விவரம் எடுக்குறது தான் வேலை. இந்த ஊரெல்லாம் குமரி மாவட்டம், ஆனா சர்ச் காரியம் கேரளாவுல உள்ள திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்துக்கு கீழ, ஆழ்கடல் தொழிலுக்கு போற ஆம்பிளைங்க நெறைய பேரு படகு ஏறுறது கொச்சி தோப்பும்படி துறைமுகத்துல, அதனால ஒரு ஆளு வரலன்னா வீட்டு பொம்பள எந்த மாநிலத்து ஆபீஸ் வாசல்ல போயி நிக்கணும்ங்கிறதே தெரியாம அலைஞ்சாங்க.

2017 நவம்பர் 30. இயேசுவோட சீடர், மீன் பிடிச்சவரான அந்திரேயா திருநாள் அன்னைக்கு தான் புயல் அடிச்சுது. அத நெனச்சு அழுத அம்மாக்கள நான் பாத்திருக்கேன்.

அங்க ஒரு ஊரு சர்ச் பங்குல மரியாயின் சேனைங்கிற கத்தோலிக்க சபை அக்காக்கள் இருந்தாங்க. 1921-ல டப்ளின்ல ஃபிராங்க் டஃப் தொடங்குன சபை. வாரம் ஒரு கூட்டம், வெள்ளைத்துணி விரிச்சு மாதா சுரூபம், ரெண்டு மெழுகுதிரி, ரெண்டு பூச்சாடி, முட்டி போட்டு செபமாலை, அப்புறம் போன வாரம் யாரு எங்க போனீங்கன்னு அறிக்கை. சந்திக்க போனா ரெண்டு பேரா தான் போகணும், பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது, இது சபை விதி. அரிசி பருப்பெல்லாம் வின்சென்ட் தே பால் சபை பாத்துக்கும். எனக்கு அப்ப கோபமே வந்துச்சு. ஊரே இப்படி கிடக்கு, ஆள் பத்தல, தனித்தனியா போனா இன்னும் எத்தன வீடு பாக்கலாம், வெறுங்கையோட ரெண்டு பேரு போயி என்ன செய்யப் போறீங்கன்னு ஒரு அக்காகிட்ட கேட்டே விட்டேன். மீன் விக்குற அக்கா அது. "நீ வா மக்ளே, வந்து பாரு"ன்னு மட்டும் சொன்னாங்க.

போன வீட்டுல ஒரு சின்ன பொண்ணு, கைக்குழந்தையோட. நான் ஏற்கனவே 3 தடவ போயி திரும்புன வீடு. புருஷன காணாம போனவர்னு எழுதுன பேப்பர்ல கையெழுத்து போட மாட்டா, ஆபீசுக்கும் வரமாட்டா. 7 வருஷம் தகவல் இல்லன்னா தான் சட்டப்படி இறந்ததா எடுக்க முடியும், இப்ப நிவாரணத்துக்கு தனி ஏற்பாடு, நீ பேரு கொடுத்தா போதும்னு நானும் சொல்லி சொல்லி பாத்தேன். அக்காக்கள் எதுவும் சொல்லல. ஒருத்தர் போயி கிடந்த பாத்திரத்த கழுவுனாங்க, தையல்கார அக்கா குழந்தைய வாங்கி மடில போட்டுக்கிட்டாங்க. அடுத்த வாரமும் அதே தான். மூணாவது வாரம் தான் அவளா சொன்னா, போன் பேட்டரி போச்சாம், ஒயர எடுத்தா அணைஞ்சிடுமாம், அவன் கூப்பிட்டா எடுக்க ஆள் வேணுமேன்னு.

நான் அப்ப தான் அந்த போன பாத்தேன். சுவத்துல பிளக் பாயிண்ட், ஒயர்ல கருப்பு டேப் சுத்தி, கீழ ஒரு பலகை, அது மேல போன், பக்கத்துல பாய். ராத்திரி அங்கேயே தான் படுத்திருக்கா. நான் 3 தடவ அந்த பாய தாண்டி தான் உக்காந்திருக்கேன்.

தையல்கார அக்கா ஒண்ணும் பேசாம போயி அந்த பாய்ல உக்காந்தாங்க. "நீ போயிட்டு வா மோளே, நான் எடுக்கேன்." மீன் விக்குற அக்காவும் நானும் அவ கூட பஸ் ஏறுனோம். ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேருன்னு ஆபீஸ்ல திருப்பி விட்டாங்க, உடனே பங்கு ஆபீசுக்கு வந்து திருமண பதிவேட்டுல இருந்து சான்று வாங்கி மறுபடி போனோம், இருட்டுனதுக்கு அப்புறம் தான் வீடு வந்தோம். அந்த அக்கா சாயா கூட குடிக்காம அதே பாய்ல இருந்தாங்க. போன் அடிக்கலன்னு அவங்களும் சொல்லல, இவளும் கேக்கல.

அப்புறம் செபமாலை. மீன் விக்குற அக்கா சின்ன வயசுல படிச்ச மாதிரி "நன்ம நிறஞ்ஞ மறியமே"ன்னு மலையாளத்துல தொடங்க, அந்த பொண்ணு தமிழ்ல "புனித மரியே, இறைவனின் தாயே"ன்னு முடிச்சா.

அந்த வார கூட்டத்துல அக்காக்கள் கொடுத்த அறிக்கை ஒரே வரி. ரெண்டு பேர் போனோம், ஒரு வீடு சந்திச்சோம். என் ஃபார்ம்ல "ஆவணம் பெறப்பட்டது"ன்னு ஒரு கட்டம் தான் இருந்துச்சு, டிக் போட்டுட்டு, போன் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்ததால தான் இது முடிஞ்சதுன்னு பின்பக்கம் எழுதி கொடுத்தேன்.