சோளகத்துக்கு முன்

மே 3
அப்பாவின் ரிப்போட் வரவில்லை.

மே 4
விடியவே தோட்டத்துக்குப் போனேன். பெண் பூச்சியின் வாசம் வைத்த வேலிக்கரைப் பொறியின் சவர்க்காரத் தண்ணீரில் மூன்று ஆண் அந்துப்பூச்சிகள் மிதந்தன. வெள்ளைச் சிறகு, அதில் இளஞ்சிவப்பும் மண்ணிறமுமாகத் திட்டுகள். நடுப் பாத்தியில் ஒன்றும் இல்லை. அந்த வாசம் காற்றில் பரவுவதைக் கணினியில் போட்ட என் கணக்கோ நடுப் பாத்தியில்தான் கூட விழும் என்றது. அப்பாவிடம் சொல்லவில்லை.

மே 6
சாமிப்படத்துக்கு அம்மா ஊதுபத்தி கொளுத்தினார். புகை ஒரு சாண் உயரம் நேராக ஏறி, நெளிந்து, நூல் நூலாகக் கிழிந்தது. பத்தியை விறாந்தையில் குத்திவிட்டு எதிரே இருந்தேன். ஒரு இழை முகத்தில் படும், பிறகு ஒன்றுமே இல்லை, திடீரென்று இன்னொன்று. ஐந்து நிமிடத்தைச் சராசரி எடுத்தால் அழகான மணி வடிவம் வரும். என் கணினி போடுவது அதைத்தான்.

1963இல் பொசேட், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சட்டன் என்பவரின் வாயுப் பரவல் சூத்திரத்தை எடுத்து, ஒரு பூச்சியின் வாசம் எவ்வளவு தூரம் எட்டும் என்று கணக்கிட்டார்கள். விடப்படும் அளவையும் மோப்பத்துக்குத் தேவையான குறைந்த அளவையும் காற்றின் வேகத்தையும் வைத்து எட்டும் தூரம் வந்துவிடும். எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அது பிடிக்கும். ஆனால் அந்து ஐந்து நிமிடம் நின்று சராசரி பார்ப்பதில்லை. இழை பட்டதும் காற்றுக்கு எதிரே பறக்கும். தவறவிட்டால் குறுக்கும் மறுக்குமாகத் தேடும். இடைவெளியே இல்லாமல் எங்கும் ஒரே சீராக வாசம் நிரம்பினால் முன்னேறாமல் விட்டுவிடும்.

மே 7
வார்ட்டில் விழித்திருந்து படித்தேன். 1984இல் எல்கின்டன், கார்டே என்ற ஆய்வாளர்கள் காட்டுக்குள் ஜிப்சி அந்துகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். சராசரிச் சூத்திரங்கள் அங்கேயும் பூச்சியின் நடத்தையோடு சரியாகப் பொருந்தவில்லை. விடியும்வரை அப்பா இருமினார்.

மே 9
அப்பா இன்று கதைத்தார்.
"பிள்ளை, தெற்கு வேலி பிஞ்சு கிடந்ததே, கட்டிப்போட்டியே?"
"கட்டியாச்சு அப்பா."
"மருந்தடிக்கேக்க அதுக்குக் கிட்ட நில்லாத. வேலிக்கு உள்பக்கம் காத்துச் சுத்தும். அடிச்ச மருந்து திரும்பி முகத்திலதான் வரும்."

எத்தனை வருடம் அந்த மருந்து அவர் முகத்தில் வந்திருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. என் கணக்கில் வேலியே இல்லை. தோட்டத்தை மொட்டை வெளியாக வைத்திருக்கிறேன்.

மே 10
ரிப்போட் நாளைக்காம்.

மே 11
நாளைக்காம்.

மே 12
சராசரியை விட்டுவிட்டேன். நொடிக்கு ஒரு சிறு குமிழாக வாசத்தை விட்டு, ஒவ்வொன்றையும் காற்றோடு தனித்தனியாகப் போகவிடுகிறேன். ஓலை வேலிக்குப் பின்னால் ஒரு சுழல் போட்டேன். குமிழ்கள் அங்கே சிக்கி, சுற்றி, துண்டு துண்டாக வெளியே வருகின்றன. வேலிக்கரைப் பொறியில் கூட விழுந்ததற்கு இதுதான் காரணமோ?

இரவு இரண்டு மணிக்கு டோர்ச்சோடு போனேன். தடியில் கட்டிய நூல் ஆடவே இல்லை. பனைகளும் சத்தமில்லை. இப்படிக் காற்று அடங்கும் இரவுகளுக்கு என்னிடம் இன்னும் கணக்கு இல்லை. அப்பாவிடம்தான் கேட்கவேண்டும்.

மே 14
தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிவிட்டது. நூல் வடகிழக்கே நீட்டிக்கொண்டு துடிக்கிறது. அப்பா அறிந்தால் சந்தோஷப்படுவார். ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அதற்கு முதல் பொறிகளைப் பார்த்துவிட்டு