ஸ்லோவில் நிற்காத வண்டி

போன செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில், லீட்ஸ் பக்கத்தில் ஒரு பழைய ட்ரயல்ஸ் பைக் வாங்கினேன். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், எடை 70 கிலோவுக்குள். சீட் கிடையாது, நின்றபடிதான் ஓட்ட வேண்டும். டேங்கில் மூன்று லிட்டர் பெட்ரோல்கூடப் பிடிக்காது. ஓடைப் பாறை, வழுக்கும் வேர், சேற்று மேடு என்று எது வந்தாலும் கால் ஊன்றாமல் கடப்பதற்கென்றே செய்த வண்டி. ட்ரயல்ஸ் போட்டியில் ஒருமுறை கால் பட்டால் ஒரு புள்ளி, இரண்டு முறைக்கு இரண்டு, அதற்குமேல் எத்தனை தடவை பட்டாலும் மூன்று. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. புள்ளி குறைந்தவர்தான் வென்றவர்.

யார்க்‌ஷரில் இது ஊர் விளையாட்டு. ட்ரயல்ஸில் முதல் உலகப் பட்டத்தை 1975ல் வாங்கிய மார்ட்டின் லாம்ப்கின் இந்தப் பக்கத்துக்காரர். அவர் மகன் டூகி 1997 முதல் 2003 வரை ஏழு வருடம் அதே பட்டத்தை விடாமல் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பண்ணையில் தாத்தாவும் பேரனும் ஆளுக்கொரு வண்டியோடு ஓடைக்குள் நிற்பதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது.

வாங்கியபோதே வண்டி ரொம்ப நாள் சும்மா நின்றது என்று தெரிந்தது. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டதும் விரலோடு உதிர்ந்து வந்தது. கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தில் பழைய பெட்ரோல் காய்ந்து கோந்தாகியிருந்தது. இங்கே 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். ஓட்டாமல் நிறுத்துவதென்றால் கார்பரேட்டரை வடித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட் எல்லாம் கழற்றிக் கழுவி, புது ஃபில்டரை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போட்டேன். ஊரில் நான் ஓட்டிய ஆர்எக்ஸ் 100ல் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப் உண்டு. இதில் கையால்தான் கலக்க வேண்டும், 5 லிட்டருக்கு 70 மில்லி.

மூன்றாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தமும் புகை வாசமும் போதும், கால் மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன். ஆனால் என்ஜின் சூடானதும் ஆக்சிலேட்டரைத் தொடாமலே ரேஸ் ஆக ஆரம்பித்தது. ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்தான் ஸ்லோ. அதற்கான ஸ்க்ரூவைக் குறைத்தால் சூட்டில் சரியாக இருக்கும், குளிர்ந்தபின் ஸ்டார்ட் செய்தால் அணைந்துபோகும். ரோட்டு வண்டி என்றால் இதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிடலாம். ட்ரயல்ஸில் முடியாது. பாறைக்குமுன் நடை வேகத்தில் திரும்பும்போது வண்டி தானாக ஒரு அடி முன்னே தள்ளினால் அங்கேயே கால் போய்விடும்.

பெட்ரோல் கூடுதலாக வர ஸ்லோ ஜெட்டை ஒரு நம்பர் கூட்டினேன், பிறகு இரண்டு. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று வாரம் இப்படியே போனது. கடைசியில் திருநெல்வேலியில் என் ஆர்எக்ஸைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அண்ணாச்சிக்கு வீடியோ கால் போட்டேன். அவர் ட்ரயல்ஸ் வண்டியைப் பார்த்ததே இல்லை. போனைச் சைலன்சர் பக்கம் காட்டச் சொன்னார், ஆக்சிலேட்டரை இரண்டு தடவை முறுக்கி விடச் சொன்னார்.

“விட்டப்புறம் எறங்க யோசிக்கு பாத்தீங்களா? ஜெட்ட விடுங்க தம்பி. எங்கியோ காத்து இழுக்கு.”

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே சுழலும் தண்டான கிராங்க் இருக்கும் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது கார்பரேட்டரிலிருந்து கலவையை உறிஞ்சும், கீழே வரும்போது அழுத்தி மேலே அனுப்பும். அந்த அறையைக் காற்றுப் புகாமல் காப்பது கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல். அது தளர்ந்தால் கூடுதல் காற்று உள்ளே போகும், என்ஜின் தானாக ரேஸ் ஆகும். பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது என்பதால், கலவையில் காற்று கூடிப்போனால் பிஸ்டனுக்கு எண்ணெயும் குறையும். நான் ஜெட் மாற்றி விளையாடிய மூன்று வாரமும் பிஸ்டன் ஜாம் ஆகாமல் தப்பியது.

முதலில் கார்பரேட்டர் ரப்பரைச் சுற்றி கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொன்னார். அங்கே ஓட்டை இருந்தால் சத்தம் மாறும். மாறவில்லை. அடுத்து கியர் ஆயில். கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தால் அந்த ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். ஆயில் அளவு குறையவில்லை, புகையும் இல்லை. அப்படியானால் கிராங்கின் மறுபக்கம், ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் இருக்கும் பக்கம்.

கவரைக் கழற்றி, மேக்னெட்டைப் புல்லர் போட்டு இழுத்தேன். பின்னால் உலர்ந்திருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக எண்ணெய் படர்ந்திருந்தது. காயில் பிளேட்டை எடுக்குமுன் அது நின்ற இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறிக்கொண்டேன். பிளேட் நகர்ந்தால் ஸ்பார்க் வரும் டைமிங் போய்விடும். சீலில் சின்னதாக ஓட்டை போட்டு, ஒரு ஸ்க்ரூவை இரண்டு சுற்று மட்டும் ஏற்றி, குறடால் இழுத்தேன். ஆழமாகப் போனால் உள்ளே பேரிங், பக்கத்தில் சரிந்தால் கிராங்கில் கீறல். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்த வேலை. கையில் வந்ததும் உதட்டை மடக்கிப் பார்த்தேன். மடங்கவே இல்லை, நகம் மாதிரி இறுகிப் போயிருந்தது. புது சீலின் உதடு கன்றுக்குட்டிக் காது போல வளைந்தது. கிரீஸ் தடவி, அதே அளவு சாக்கெட்டை மேலே வைத்து, சமமாகத் தட்டி இறக்கினேன். பழைய ஸ்லோ ஜெட்டையே திரும்பப் போட்டேன்.

சூடானபிறகும் ஸ்லோ ஒரே சீராக நின்றது. முறுக்கி விட்டால் உடனே இறங்கியது.

இப்போது வாராவாரம் செய்யும் வேலைகளில் எனக்கு முக்கியம் ஏர் ஃபில்டர்தான், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கழுவுகிறேன். பிரஷர் வாஷர் தண்ணீரை பேரிங் பக்கம் அடிப்பதில்லை. பின் டயரில் 4, 5 பிஎஸ்ஐதான் வைக்கிறேன். அந்தக் காற்றில்தான் டயர் பாறையைக் கவ்வும்.

பிப்ரவரியில் முதல் போட்டி. பத்து செக்‌ஷன், நாலு சுற்று. செக்‌ஷன் என்றால் கால் ஊன்றாமல் கடக்க வேண்டிய ஒரு தடம். ஏழாவது செக்‌ஷனில் ஓடைக்குள் ஒரு திருப்பம், அதன் முடிவில் முழங்கால் உயரப் பாறை. முதல் இரண்டு சுற்றிலும் ஐந்து, மூன்றாவதில் மூன்று. கடைசிச் சுற்றில் கிளட்சில் ஒரு விரலும் பிரேக்கில் ஒரு விரலுமாகத் திரும்பினேன். வண்டி தள்ளவே இல்லை, நான் விட்ட அளவுக்கு மட்டும் நகர்ந்தது. கால் படாமல் வெளியே வந்தேன்.

இரவு அண்ணாச்சிக்கு வண்டிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். காலையில் பதில் வந்திருந்தது. “நல்லா நிக்கு. ஆனா அந்தப் பக்க சீலுக்கும் இதே வயசுதான தம்பி?”

கிளட்ச் பக்கத்து சீலுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.